யாரோ ஒருவரின் தேர்

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் மழை பிடித்துக்கொண்டபோது ஃபர்ஹாவுக்கு சீட் கிடைத்திருந்தது. அதுவே பெரிய விஷயம். சனிக்கிழமை சாயங்காலப் பெரம்பலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களை நிற்பவர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே... அதற்குப் பயந்துதான் அவள் விடைத்தாள் கட்டை மடியில் பிரித்து வைத்தாள். பேப்பர் திருத்துகிற டீச்சரை யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள்.

ஃபர்ஹா பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். அந்தப் பள்ளிக்கு அரியலூரிலும் ஒரு கிளை உண்டு. சனிக்கிழமைகளில் அங்கே போய்ப் பத்தாம் வகுப்புக்கு இலக்கணம் எடுத்துவிட்டு, பெரம்பலூர் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து லப்பைக்குடிக்காட்டில் இருக்கிற வீட்டுக்குப் போவாள். அன்றைக்கு அவள் வைத்த டெஸ்டில் முதல் கேள்வியே ‘எவ்ரிபடி லவ்ஸ்’ என்று ஆரம்பித்து, ஒரு கோடு போட்டு, ‘மதர்’ என்று முடிந்தது. கோடிட்ட இடத்தில் பாதிப் பேர் ‘தேர்’, அதாவது ‘அவர்களுடைய’, என்று எழுதியிருந்தார்கள். ஃபர்ஹாவின் சிவப்புப் பேனா இரக்கமே இல்லாமல் ஓடியது. ஒரு தேர், ஒரு அடி. இன்னொரு தேர், இன்னொரு அடி...

"அதை ஏங்க அடிக்கிறீங்க?"

நடைபாதைக்கு அந்தப் பக்கத்து சீட்டிலிருந்து குரல் வந்தது. நீலச் சட்டை, பாதி நனைந்த தலை, முப்பதைத் தொடாத வயது. பார்க்க ஒழுங்கான ஆளாகத்தான் இருந்தான். அதனாலேயே அவளுக்குக் கோபம் கூடுதலாக வந்தது.

"எதை?"

"தேரை."

"அடுத்தவங்க பேப்பரை எட்டிப் பாக்கறது உங்களுக்குப் பழக்கமா?"

"இல்லைங்க. பஸ்ஸு குலுங்குச்சு... கண்ணு விழுந்துடுச்சு."

"விழுந்த கண்ணை எடுத்துக்குங்க."

அவன் எடுத்துக்கொள்ளவில்லை. ஃபர்ஹா பேனாவை மூடினாள். வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேசுகிற குரல் தானாக வந்துவிட்டது.

"எவ்ரிபடி ஒருமை சார். சம்படியும் ஒருமை. நோபடி இருக்கே, ஆளே இல்லாதது, அதுவும் ஒருமைதான். தேர் பன்மை. ரெண்டும் சேராது. ஹிஸ்னுதான் வரணும்."

"எல்லாம் பொண்ணுங்க பேப்பரா இருக்கே? அதுங்க அம்மா மேல பாசம் வெக்கறதுக்கு ‘அவனுடைய’ன்னு எழுதணுமாக்கும்?"

"ஹிஸ் ஆர் ஹர்னு எழுதலாம்."

"தாராளமா எழுதலாம். எவ்ரிபடி மஸ்ட் பிரிங் ஹிஸ் ஆர் ஹர் மதர் வித் ஹிஸ் ஆர் ஹர் ஆதார் கார்டு இன் ஹிஸ் ஆர் ஹர் பேக்... படிச்சு முடிக்கறதுக்குள்ள பெரம்பலூர் வந்துடும்."

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"எந்தக் காலத்துப் புத்தகங்க? இப்ப தேரும் ஒத்துக்கறாங்க. அத வுடுங்க... அதே தாள்ல சம்படீஸ் பேக்னு எழுதியிருக்கு. அப்பாஸ்ட்ரஃபியே இல்ல. அதுக்கு டிக் போட்டிருக்கீங்க."

ஃபர்ஹா குனிந்து பார்த்தாள். இல்லைதான். காது மடல் சூடானது. பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, ஜன்னலோரத்தில் சின்ன வெங்காயப் பையை மடியில் வைத்திருந்த அம்மா குறுக்கே புகுந்தார். அம்மாக்கண்ணு என்று பையிலேயே பெயின்டில் எழுதியிருந்தது.

"எந்த ஊருல தேருங்க?"

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"இல்ல... அந்தத் தம்பி தேருங்குது, நீ வேணாங்கற. சிறுவாச்சூரா? அங்க இப்ப தேரு இல்லியே கண்ணு."

ஃபர்ஹாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாயை மறைத்தால் கண்கள்தானே மிச்சம்... பெரிய கண்கள். ஓரத்தில் ஈரம் துளிர்த்து, சிரிப்பில் சுருங்கி, மறுபடி விரிந்தன. அவன் பேச வந்ததை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தில் மின்னல் வெட்டும். அன்றைக்கு நிஜமாகவே வெட்டியது. ஐப்பசி மாதம், வெட்டத்தான் செய்யும். எதிரே வந்த சிமென்ட் லாரி ஒன்று சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. கண்டக்டர் ஷட்டரை இறக்கச் சொல்லிக் கத்தினார்.

"நீங்களும் டீச்சரா?" என்று ஃபர்ஹா கேட்டாள். குரலில் இப்போது கடைசி பெஞ்சு இல்லை.

"இல்லைங்க. கட்டட வேலை எடுக்கற கம்பெனில இங்கிலீஷ்ல அறிவிப்பு எழுதற வேலை. லேபர் கேம்ப் செவுத்துல ஒட்டுவாங்க. எவ்ரிபடி மஸ்ட் வேர் தேர் ஹெல்மெட். நோபடி ஷுட் லீவ் தேர் ஷூஸ் ஹியர்..."

"எங்க இருக்கு கம்பெனி?"

"ஷார்ஜா."

‘ஷார்ஜாவா...’

அவள் முகம் அப்படியே மூடிக்கொண்டது. விடைத்தாள்களை அடுக்கிப் பையில் வைத்தாள். அப்படி வைக்கும்போது கழுத்திலிருந்த பள்ளி அடையாள அட்டை வெளியே புரண்டது. ஹெச். ஃபர்ஹா. அதைப் பார்த்த அவன் முகமும் மூடிக்கொண்டது. நல்லாப் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஏன் திடீரென்று ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள் என்று அம்மாக்கண்ணுவுக்குப் புரியவில்லை. தேர் விஷயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

விஷயம் வேறு. போன மாதம் ஃபர்ஹாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கொண்டுவந்தது மர்ஜியா மாமி. ஷார்ஜா மாப்பிள்ளை, பெரம்பலூர் டவுனில் வீடு, ஒரே பையன். அம்மா நஜ்முன்னிசா போட்டோவைக் காட்ட போனை நீட்டினாள். ஃபர்ஹா போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாரோ ஒருத்தன். ஷார்ஜால இருக்கான். அவ்வளவுதானேம்மா? வேணாம்."

அவளுக்கு அது கொழுப்பில் வந்த வார்த்தை இல்லை, பயத்தில் வந்தது. அவள் அத்தா ஹுமாயூன் கல்யாணமான மறு மாதமே சவுதிக்குப் போனவர். போன வருஷம்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். சின்ன வயதில் ஒரு தடவை அவர் லீவில் வந்து வாசலில் நின்றபோது, அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு "யாரும்மா இது?" என்று ஃபர்ஹா கேட்டாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். அத்தா மட்டும் சிரிக்கவில்லையாம். இப்போது ஒரே வீட்டில் இருந்தும் அப்பாவும் மகளும் பேசிக்கொள்வது மழை வருமா வராதா என்பதைத்தான். தன் பிள்ளையும் ஒரு நாள் அப்படிக் கேட்கக்கூடாது... அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

மர்ஜியா மாமி சொல்லைக் கூட்டிக் குறைக்கிற ஆள் இல்லை. "யாரோ ஒருத்தன்னு சொல்லிடுச்சு அந்தப் பொண்ணு" என்று அப்படியே கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில் இறக்கிவிட்டாள்.

அந்த யாரோ ஒருத்தன்தான் நீலச் சட்டை. பெயர் பிலால்.

பெரம்பலூரில் இறங்கும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபர்ஹா பார்த்தாள், பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலையில் அவள் அடுப்படியில் டிபன் கட்டிக்கொண்டிருந்தாள். கொல்லைப் பக்கமிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"ஃபர்ஹா... யாரோ கதவைத் தட்டறாங்க பாரு. வந்து நிக்கறாங்க!"

எத்தனை பேரோ என்று போய்த் திறந்தால் நின்றது ஒரே ஒரு ஆள், கேஸ் சிலிண்டரோடு. அவனை அனுப்பிவிட்டுக் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"ஏம்மா, தட்டுனது ஒரு ஆளுதானே? எதுக்கு தட்டறாங்க, நிக்கறாங்க?"

"ஆம்பளையோ பொம்பளையோ, பெரியவங்களோ சின்னவங்களோ... தெரியாத ஆளை எப்படிச் சொல்லுவாங்க? தட்டறான்னா சொல்லுவாங்க? நீயெல்லாம் டீச்சரு!"

ஃபர்ஹா அப்படியே கதவில் சாய்ந்தாள். பிறந்ததிலிருந்து யாரோ வந்தாங்க, யாரோ போனாங்க, யாரோ அவங்க செருப்பை மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்க என்று ஒற்றை ஆளைப் பன்மையில் சொல்லித்தான் அவள் வளர்ந்திருக்கிறாள். அதை இங்கிலீஷில் ஒரு பிள்ளை எழுதினால் சிவப்புக் கோடு. ‘அந்த ஆளு சொன்னது சரிதான் போல...’ என்று நினைத்தாள். நினைத்தவுடன் எரிச்சல் வந்தது. எரிச்சலுக்குப் பின்னால் அந்த நனைந்த தலையும் வந்தது. அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

சனிக்கிழமை அரியலூர் வகுப்பில் விடைத்தாள்களைக் கொடுக்கும்போது, "தேர்னு எழுதுனவங்களுக்கும் மார்க் உண்டு. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்" என்றாள். டீச்சர் தப்பு என்று ஒத்துக்கொண்டதில் வகுப்பே திருவிழாவானது. வெளியே வந்தால் மறுபடி மழை. பஸ் ஸ்டாண்டு டீக்கடைத் தகரத்துக்குக் கீழே பிலால் நின்றிருந்தான்.

கண்டும் காணாததுபோல் போய்விடலாம். ஆனால் மார்க்கைத் திருப்பிக் கொடுத்தவள், அதைச் சொல்லாமல் எப்படிப் போவது?

"சார்... அன்னிக்கு நீங்க சொன்னது சரி. மார்க் திருப்பிப் போட்டுட்டேன்."

அவன் டீ கிளாஸையே பார்த்தான். "யாரோ ஒருத்தன் சொன்னதுக்கா மார்க்க மாத்துனீங்க?"

அந்த இரண்டு வார்த்தையை அவன் அழுத்திய அழுத்தத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க... மர்ஜியா மாமி சொன்ன..."

"அந்த யாரோ ஒருத்தன் நான்தான்."

"அப்ப அன்னிக்கு பஸ்ல..."

"சத்தியமா தெரியாது. உங்க கார்டைப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது. போட்டோவக்கூடப் பாக்க மாட்டேன்னுட்டீங்களாம்."

"பாக்கல. பாத்து என்ன ஆவப்போவுது?"

"அதானே... வேலைய வுட்டுட்டு வந்து நிக்கறவன் போட்டோவப் பாத்து என்ன ஆவப்போவுது?"

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. சரியாகக் காதில் விழவில்லையோ என்று ஃபர்ஹா ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"என்ன சொன்னீங்க? வேலைய வுட்டுட்டீங்களா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. வூட்ல எல்லாரும் மறைச்சாங்க... வேலையில்லன்னா யாரு பொண்ணு கொடுப்பாங்கன்னு ஷார்ஜா மாப்பிள்ளைன்னே சொல்லி வெச்சாங்க. எப்படியோ உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான வேணாம்னீங்க?"

"ஷார்ஜான்னு சொன்னதாலதான் வேணாம்னேன்!"

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஃபர்ஹா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்க அங்க இருக்கீங்கன்னு நெனச்சேன். அங்க இருக்கறவங்க யாரும் எனக்கு வேணாம். எங்கத்தா எனக்கு ஃபோன்ல வர்ற குரலாத்தான் இருந்தாங்க. இன்னொரு தடவ என்னால முடியாது..."

பிலால் டீ கிளாஸைக் கடைப் பலகையில் வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"எங்கத்தா மவுத்தானப்ப அவங்க முகத்தக் கடைசியா நான் வீடியோ கால்லதான் பாத்தேன். மாமா ஃபோனைத் தூக்கிப் புடிச்சிருந்தாங்க. நெட்டு பாதியில நின்னுபோச்சு. அதுக்கப்புறம் அங்க மனசு ஒட்டல... வந்துட்டேன். இப்ப இங்கதான் ஒரு சென்டர்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கறேன்."

ஊருக்கு வராமலே இருந்துவிடுவான் என்று பயந்து ஒருத்தி வேண்டாம் என்றாள். வேலையை விட்டு வந்துவிட்டவனோ, வந்ததற்காகத்தான் அவள் வேண்டாம் என்றாள் போல என்று நினைத்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாலு நல்ல மனிதர்கள் இருந்தும் இதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. சம்பந்தம் பேசுகிறவர்கள் மற்றதெல்லாம் கேட்பார்கள்.

"இப்ப தெரிஞ்சுபோச்சே..." என்றாள் ஃபர்ஹா.

"தெரிஞ்சு என்னங்க? வேணாம்னு சொன்ன எடத்துல எங்கம்மா திரும்பக் கேக்க மாட்டாங்க. கேளுன்னு நானும் சொல்ல மாட்டேன்." பஸ் வந்தது. அவன் முன்வாசலில் ஏறி முன்னாலேயே நின்றுகொண்டான். பெரம்பலூர் வரைக்கும் அவள் பார்த்தது அவன் முதுகை மட்டும்தான். கர்வமான முதுகு. அதுவும் பிடித்திருந்தது, என்ன செய்ய?

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது அத்தா வராந்தாவில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல மழையாம்மா?"

"ஆமாத்தா."

வழக்கமாக அத்தோடு முடிந்துவிடும். ஃபர்ஹா பையை வைத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். முழுவதையும் சொன்னாள். தேரில் ஆரம்பித்து, டீக்கடையில் முடித்தாள். சொல்லும்போது ஒரு தடவைகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஹுமாயூன் செருப்பைக் கீழே வைத்தார்.

"நான் தூரத்துல இருந்ததாலயா அந்தப் புள்ளைய வேணாம்னே?"

அவள் அழுதுவிட்டாள். இல்லை என்று சொல்லவில்லை. அவரும் சமாதானம் சொல்லவில்லை. அதெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நஜ்மு... என் வெள்ளைச் சட்டையத் தேச்சு வையி. காலையில பெரம்பலூர் போறேன்."

பொண்ணு வீட்டுக்காரர் தானாகப் போய்க் கேட்பதா என்று நஜ்முன்னிசா ஆரம்பித்தாள். "இதுக்காவது நான் நேர்ல போறேன்" என்றார் ஹுமாயூன். அதற்குப் பிறகு இஸ்திரிப் பெட்டி சத்தம்தான் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை மழை இல்லை. ஃபர்ஹா அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது பெரம்பலூர் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. அவள் ஏறவில்லை. டீக்கடைப் பக்கம் நின்றிருந்த பிலாலும் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

"உங்க அத்தா வந்திருந்தாங்க," என்றான்.

"ம்."

"எங்கம்மா டீ கொடுத்தாங்க. குடிச்சுட்டுச் சொன்னாங்க... எம் பொண்ணு தப்பா நெனச்சு வேணாம்னுடுச்சு, நான் திரும்பக் கேக்க வந்திருக்கேன்னாங்க. எங்கம்மா கண்கலங்கிட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"மகனைக் கேட்டுச் சொல்றேன்னாங்க."

"மகன் என்ன சொன்னாங்க?"

"உங்களைக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

ஃபர்ஹா தரையைப் பார்த்தாள். சுண்ணாம்புத் தூசி படிந்த அரியலூர்த் தரை. வகுப்பில் ஆயிரம் வாக்கியம் எழுதிப் போட்டவளுக்கு இப்போது ஒரு வாக்கியம் வரமாட்டேன் என்றது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு," என்றாள். "சண்டை போட்ட அன்னிலேர்ந்தே. யாருகிட்டயும் சொல்லல... நீங்க ஷார்ஜான்னு சொன்னதும் எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா?"

"எனக்கும்தான். கார்டைப் பாத்ததும், இந்தப் பொண்ணாவா இருக்கணும்னு நெனச்சேன். பெரம்பலூர்ல எறங்கித் திரும்பிப் பாக்காமப் போனேன் பாருங்க... அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கல."

அவள் நிமிர்ந்தாள். அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வூட்ல இருப்பீங்களா?"

விளையாட்டுக்குக் கேட்கிறாளோ என்று பார்த்தான். அவள் கண்ணில் விளையாட்டு இல்லை.

"இருப்பேன்."

"தினமுமா?"

"தினமும். பஸ்ஸு லேட்டானா மட்டும் நீங்க கொஞ்சம் பசியோட உக்காந்திருக்கணும்."

"உக்காந்திருப்பேன்," என்றாள் ஃபர்ஹா.